டயல்-அப் போதும் என்கிறார் கணவர். வீட்டுக்கு எந்த இணைப்பை எடுப்பது?

கேள்வி: மீள்குடியேறியதிலிருந்து பரந்தனுக்கு அண்மையில் வசிக்கிறோம். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். மகன் கனடாவில் இருக்கிறார். மகளின் இணையவழி வகுப்புகளுக்காகவும், மகனை முகம் பார்த்துப் பேசவும் வீட்டுக்கு எப்போதும் இணைந்திருக்கும் வேகமான புரோட்பாண்ட் இணைப்பு எடுக்க விரும்புகிறேன். முன்னர் வவுனியாவில் வேலை பார்த்த காலத்தில், தொலைபேசிக் கம்பி வழியே டயல் செய்து இணையம் எடுக்கும் டயல்-அப் பாவித்த என் கணவரோ, "தேவையான நேரம் டயல் செய்து, வேலை முடிந்ததும் வெட்டிவிடலாம், மாதாமாதம் எதற்குக் கட்டணம்?" என்கிறார். அந்தப் பழைய மோடத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறார். வீட்டில் இருப்பது சிம் போடும் மேசைத் தொலைபேசி. நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகி, பரந்தன்

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் கவலை நியாயமானது. இணையத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதெல்லாம் தன் கையில் இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். அந்தப் பிடியைப் புரோட்பாண்டிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பாதுகாத்து வைத்திருக்கும் மோடத்தால் உங்கள் வீட்டுக்கு இணையம் வராது.

டயல்-அப் மோடம் கணினியின் தரவுகளை ஒலியாக மாற்றிச் செப்புக்கம்பி வழியே அனுப்பும் கருவி. சிம் போட்ட தொலைபேசியோ மனிதப் பேச்சுக்கு ஏற்றவாறு ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது; அந்தச் சுருக்கத்தில் பேச்சு விளங்கும், மோடத்தின் ஒலி சிதைந்துவிடும். செப்புக்கம்பி இருந்தாலும் டயல்-அப்பின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட் மட்டுமே. ஆசிரியர் அனுப்பும் 5 மெகாபைட் அளவான ஒரு பாடக்குறிப்பை இறக்க, இடையில் அறுந்துவிடாமல் இருந்தாலே 12 நிமிடம் செல்லும். மகனுடன் தெளிவான காணொளியில் பேசுவதற்கு நொடிக்கு ஏறத்தாழ 600 கிலோபிட் வேண்டும். அமெரிக்காவில் டயல்-அப்புக்குப் பேர்போன ஏஓஎல் நிறுவனமே 2025 செப்ரெம்பர் 30ஆம் திகதியுடன் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி எதை எடுப்பது என்று பார்ப்போம். உங்கள் ஒழுங்கை வரை ஃபைபர் என்னும் இழை இணைப்பு வந்திருக்கிறதா என்று முதலில் அயலவரிடம் விசாரியுங்கள். வந்திருந்தால் வேறு யோசனை வேண்டாம், அதையே எடுங்கள். அந்த இழை கண்ணாடியால் ஆனது, மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் செப்புக்கம்பி வழியாக வந்து மோடத்தை எரிக்கும் ஆபத்து இதில் இல்லை. ஆனாலும் வீட்டுக்குள் இணையத்தைப் பகிரும் ரவுட்டர் கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் வயரை இடி முழங்கும் முன்னரே கழற்றிவிடத்தான் வேண்டும்.

ஃபைபர் இல்லையென்றால் சிம் மூலம் இணையம் எடுக்கும் 4ஜி ரவுட்டர்தான் வழி. அதை எடுப்பதற்கு முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். அயலவரிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள கைபேசிகளை இரவல் வாங்கி, பலரும் இணையத்தில் இருக்கும் இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஒரு காணொளி அழைப்பு எடுத்துப் பாருங்கள். வாசலில் நின்று பார்த்தால் போதாது. மகள் படிக்கும் மேசையிலேயே கைபேசியை வைத்துப் பார்க்க வேண்டும். தகரக் கூரை சிக்னலை மறிக்கும் என்பதால் முற்றத்தில் நன்றாக எடுக்கும் இணைப்பு அறைக்குள் விட்டுவிட்டு வரலாம். ரவுட்டரைக் கைபேசிக் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில், இயன்றளவு உயரத்தில் வையுங்கள். இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வெளி அன்ரெனா பூட்டும் வசதியுள்ள ரவுட்டராகக் கேட்டு வாங்குவது வன்னியில் பிற்பாடு கைகொடுக்கும்.

மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பழைய கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது; ஃபைபர், 4ஜி இரண்டுக்கும் வீட்டு மின்சாரம் வேண்டும். ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய பற்றரி யூபிஎஸ் ஒன்றை, உங்கள் ரவுட்டரின் வோல்ற்றேஜைப் பார்த்து வாங்கிவிட்டால் இரண்டு மூன்று மணித்தியால வகுப்பு தடைப்படாது.

கணவரின் பங்குக்கு வருகிறேன். 4ஜி எடுப்பதாயின், மாதப் பட்டியல் வராமல் முற்பணமாக றீலோட் செய்யும் வகையைக் கேளுங்கள். காசு போட்ட அளவுக்குத்தான் பாவனை, கடன் ஏறாது. சில பக்கேஜ்களில் பகலுக்கு ஓர் அளவும் இரவுக்கு ஓர் அளவுமாகப் பிரித்திருப்பார்கள். மகளின் வகுப்பு பகலில் என்றால் பகல் அளவை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ஆரம்பத்திலேயே பெரிய பக்கேஜ் வேண்டாம். கைபேசிகள் தாமாகவே எடுக்கும் புதுப்பித்தல்களை நிறுத்தி வைத்தால் டேட்டா வீணாகாது. வேலை முடிந்ததும் ரவுட்டரின் சுவிட்சை அணைக்கும் பொறுப்பை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஃபைபருடன் தொலைபேசியும் சேர்ந்து வந்தால் மட்டும், கருவியை அணைக்கும்போது அதுவும் வேலை செய்யாது என்பதைக் கவனியுங்கள்.

விண்ணப்பம் கொடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். இடையில் நிறுத்தினால் தண்டப்பணம் உண்டா, குறைந்தது எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும், தந்த அளவு முடிந்தால் இணைப்பு நின்றுவிடுமா அல்லது வேகம் மட்டும் குறையுமா என்பவற்றை அவர் வாயாலேயே கேட்கட்டும்; பதில்களை எழுத்தில் வாங்கிய பிறகு இருவருமாகக் கையெழுத்திடுங்கள்.