மந்திரவாதிப் படையில் எத்தனை பேர்? – கேள்வி பதில்

மாயக்கதை எழுதும் நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டவை இவை. நான் கணக்குப் படிப்பித்தவன், மந்திரம் தெரியாது.

கல்லடியிலிருந்து: சேர், என் நாவலில் மந்திரவாதிகளுக்கு ஒரேயொரு பள்ளிக்கூடம்தான். அரசனுக்கு 10,000 பேர் கொண்ட மந்திரப்படை வைத்திருக்கிறேன். பொருந்துமா?

மகள், நீங்கள் அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தில் அந்த வருஷத்துப் புதுப்பிள்ளைகள் வாங்குக்கு நாலு பேராகப் பத்து வாங்கில் இருக்கிறார்கள். உங்கள் நாட்டு மந்திரவாதிகளின் தொகை அந்த வாங்கிலேயே தெரிந்துவிடுகிறது. வருஷத்துக்கு 40 பேர், ஆயுள் 70 என்றால் மொத்தம் 2,800 பேர். அதுவும் ஒருவரும் இடையில் சாகாவிட்டால். 18 முதல் 50 வயது வரை எடுத்தால், 40 தர 32, அதாவது 1,280. அதில் மருந்து அரைப்பவர், கைப்பிள்ளைக்காரி, படிப்பிக்கிறவர், மந்திரம் சரியாக வராதவர், பயந்தாங்கொள்ளி என்று பாதியைக் கழியுங்கள். மிச்சம் 640 பேர். 10,000 பேர்தான் வேண்டுமென்றால் வருஷத்துக்கு 625 பிள்ளைகள் சேர வேண்டும். 157 வாங்கு போட மண்டபத்தில் இடமிருக்கிறதா? நானென்றால் படையைத்தான் குறைப்பேன். 640 மந்திரவாதிகள் ஒரு ஆற்றங்கரையில் நின்றாலே போதுமான பயம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: சனத்தொகையில் எத்தனை வீதம் பேரைப் போருக்கு எடுக்கலாம்?

1939இல் சுவிற்சர்லாந்தின் சனத்தொகை சுமார் 42 இலட்சம். அணிதிரட்டியவர்கள் சுமார் 4.3 இலட்சம், பத்தில் ஒரு பங்கு. அவர்களையும் எந்நேரமும் எல்லையில் வைத்திருக்க முடியவில்லை. வயலுக்கும் ஆலைக்கும் மாறி மாறி அனுப்ப வேண்டியிருந்தது. வேளாண்மை வெட்டு நேரத்தில் ஊரிலுள்ள ஆம்பிளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போனால் என்னாகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் மந்திரத்தால் சோறு வருமா? வருமென்றால் வீதத்தைக் கூட்டுங்கள். வராதென்றால் பத்துக்கு மேல் போகாதீர்கள்.

காத்தான்குடியிலிருந்து: வயசாளி மந்திரவாதிகளைச் சேர்ப்பதா, விடுவதா?

சேருங்கள் தம்பி. வாள் வீச முழங்கால் வேண்டும், மந்திரத்துக்கு ஞாபகசக்தி போதும். மேல் எல்லையை 70 ஆக்கினால் முன் சொன்ன 1,280, 2,080 ஆகிறது. பாதி கழித்தாலும் 1,040. படைத்தலைவர்களெல்லாம் தாத்தா, பாட்டிமாராக இருப்பார்கள். அதுவே ஒரு நல்ல கதை.

பாண்டிருப்பிலிருந்து: எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் கேட்டு வளர்ந்தவன் நான். 18 அக்குரோணி என்கிறார்களே, அதைப் பாவிக்கலாமா?

ஒரு அக்குரோணி என்பது 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். நாலையும் கூட்டிப் பதினெட்டால் பெருக்கினால் 39,36,600. தேரில் இருப்பவர், யானைப்பாகன் கணக்கு வேறு. ஆள் எண்ணி எழுதிய தொகையல்ல இது, காவியத் தொகை. கூத்துக் களரியில் அத்தனை சேனையையும் சலங்கை கட்டிய சில பேர் ஆடிக் காட்டிவிடுவதையும் பார்த்திருப்பீர்கள். தொகையை விட்டுவிட்டு விகிதத்தை எடுங்கள்: 1:1:3:5. ஒரு மந்திரவாதிக்குப் பக்கத்தில் மூன்று குதிரைவீரர், ஐந்து காலாள் என்று வைத்தால் படைக்கு ஒரு உருவம் வந்துவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து: "மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள்" என்று யாழ்ப்பாணத்து நண்பன் பகிடி பண்ணுகிறான். அதைப் போர் மந்திரமாக வைத்தால் எத்தனை பேர் தேவை?

ஆளுக்கொரு பாய், பாய்க்கொரு மந்திரவாதி. ஆனால் எதிரி முதலில் பாயில் வந்து படுக்க வேண்டுமே, அதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?