செவில் பேராலயம்: கையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருக்கிறதா?

திண்டுக்கல் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அக்டோபரில் மனைவியையும் 67 வயது தாயாரையும் கூட்டிக்கொண்டு ஸ்பெயின் போகிறாராம். செவில் நகரத்துக்குச் சனி இரவு போய்ச் சேர்ந்து, திங்கள் காலை கிளம்புகிறார்கள். தங்குவது ஐந்து நட்சத்திர ஹோட்டல். பேராலயத்தைச் சுற்றிப் பார்க்க, 'வரிசையில்லா நுழைவு, தனி வழிகாட்டி' என்று ஆளுக்கு 130 யூரோ கேட்டு ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. "இவ்வளவு பெரிய ஹோட்டல் சொல்கிறது, நம்பிக் கட்டிவிடலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. ஞாயிறு பூசை காண வேண்டும் என்றும் ஆசைப்படுகிறார்" என்பது அவர் கேள்வி.

சார், கட்ட வேண்டாம். அந்த மின்னஞ்சலில் நேரம் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஞாயிறு காலை என்று இருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியவருக்கே விஷயம் தெரியாது. செவில் பேராலயம் பேராயரின் ஆலயம். ஞாயிறு காலை முழுக்க வழிபாட்டுக்குத்தான். சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடுவது பிற்பகலில், இரண்டரை மணி வாக்கில். ஐந்து நட்சத்திரத்தில் தங்கினாலும் முதுகில் பை மாட்டி வந்தாலும் அந்த நேரம் ஒன்றுதான்.

பேராலயத்தின் சொந்த நுழைவுச்சீட்டு ஆளுக்கு இருபது யூரோவுக்குள் அடங்கிவிடும். ஹிரால்டா கோபுரமும், பத்து நிமிட நடையில் இருக்கும் எல் சல்வதோர் ஆலயமும் அதிலேயே சேர்த்தி. அப்படியானால் 130 எதற்கு? ஒரு பங்கு வழிகாட்டிக்கு, ஒரு பங்கு இடையில் இருக்கும் நிறுவனத்துக்கு, ஒரு பங்கு ஹோட்டல் முன்மேசைக்கு. 'கான்சியர்ஜ்' என்று, சட்டைக்கு மேல் போட்ட கோட்டில் இரண்டு தங்கச் சாவிச் சின்னம் குத்திய ஒருவர் அங்கே நிற்பார். நல்ல மனிதர்கள்தான். ஊரில் எந்த இடத்தில் எது நன்றாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் கைநீட்டிக் காட்டும் கடையெல்லாம் இலவசமாகக் காட்டப்படுவதில்லை. 'வரிசையில்லா நுழைவு' என்பதும் பெரும்பாலும் இணையத்தில் முன்பதிவு செய்த சீட்டுதான். அதை நீங்களே வாங்கலாம்.

வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பேராலயத்தின் பெயரைத் தேடினால் மேலே வருகிற முதல் சில முகவரிகள் விளம்பரங்களாகவே இருக்கும். கோபுரப் படம், சிலுவைச் சின்னம், 'அதிகாரபூர்வ' என்ற சொல், எல்லாம் போட்டிருப்பார்கள். அங்கே பணம் கட்டினால் வருவது சீட்டு அல்ல, வவுச்சர். அதை எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு சந்தில் மஞ்சள் குடை பிடித்து நிற்பவரைத் தேட வேண்டும். வேறொரு ஐரோப்பிய நகரத்தில் நானே இப்படி பதினெட்டுப் பேரை வெயிலில் நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் குடையைத் தேடியிருக்கிறேன். குழுவில் இருந்த ஒரு பெரியவர் இன்றும் என்னைப் பார்த்தால் "குடை கிடைச்சுதா தம்பி?" என்றுதான் கேட்கிறார். பேராலயத்தின் சொந்தத் தள முகவரி catedraldesevilla.es என்று இடைவெளி இல்லாமல் சேர்ந்து வரும். அதைக் கையால் தட்டிப் போங்கள்.

அந்தத் தளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு நூற்றாண்டுப் பழைய ஆலயத்தை அழகாகப் பராமரிக்கத் தெரிந்தவர்கள், இன்றைக்கு எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை ஒரே இடத்தில் தெளிவாக எழுதி வைக்க மாட்டார்கள். நேர மாற்றத்துக்கு ஒரு பக்கம், வழிபாட்டுக்கு இன்னொரு பக்கம், இலவச நேரத்துக்கு வேறொரு பக்கம். இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். முதல் நாள் இரவு இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

சரி, அம்மாவின் பூசைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

திருப்பலிக்குச் சீட்டு கிடையாது, கட்டணம் கிடையாது. சுற்றுலா வாசல் தெற்குப் பக்கம், வழிபாட்டுக்கு வருகிறவர்கள் போவது ஹிரால்டா கோபுரத்தை ஒட்டிய கிழக்குப் பக்கம். 'மாதா சதுக்கம்' என்று சொல்லும்படி, விர்ஹென் தே லோஸ் ரேயெஸ் என்று பெயர் கொண்ட சதுக்கத்தில் நின்றால் அந்த வாசல் தெரியும். அங்கே ஒரு காவலர் இருப்பார். ஸ்பானிய மொழியில் திருப்பலிக்கு 'மிசா' என்று பெயர். அம்மா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். கால்மணி முன்னதாகப் போய்விடுங்கள். உள்ளே போனதும் உட்கார வேண்டிய இடம் உண்டு, அங்கேயே உட்கார வேண்டும். செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கக்கூடாது. பூசை முடிந்ததும் அப்படியே கொலம்பஸ் கல்லறைப் பக்கம் நழுவிவிடலாம் என்று நினைக்காதீர்கள், கயிறு கட்டியிருப்பார்கள். 'இலவசமாகப் பேராலயம் பார்க்கும் ரகசிய வழி' என்று காணொளி போடுகிறவர்கள் இந்தக் கயிற்றைக் காட்டுவதில்லை. அதேபோல் பிற்பகலுக்கு வாங்கிய சீட்டைக் காலையில் காட்டிப் பயனில்லை, காலைப் பூசைக்குப் போனதைச் சொல்லிப் பிற்பகலில் உள்ளே நுழையவும் முடியாது. இரண்டும் வேறு வேறு வாசல், வேறு வேறு வேலை. பூசை ஸ்பானிய மொழியில் நடக்கும். அம்மாவுக்கு அது ஒரு தடையாக இருக்காது, முறை ஒன்றுதானே.

ஆக, காலையில் பூசை. பிறகு ஹோட்டலுக்குத் திரும்பி நிதானமாகக் காலை உணவு. ஹோட்டலுக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தை அங்கேதான் வசூலிக்க முடியும். அம்மா சற்றுப் படுத்து எழட்டும். அப்புறம் பிற்பகல் நுழைவு.

வாசலுக்கு முன்னால் கையில் ரோஸ்மேரிக் கொத்தோடு பெண்கள் வருவார்கள். அன்பளிப்பு மாதிரி நீட்டுவார்கள். வாங்கினால் உள்ளங்கையைப் பிடித்துக் கைரேகை சொல்லத் தொடங்கி, கடைசியில் காசு கேட்பார்கள், நாணயம் கொடுத்தால் முகம் சுளித்து நோட்டு கேட்பார்கள். நம் அம்மாக்கள் நீட்டிய பூவை மறுக்கத் தெரியாதவர்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முழங்கால் விஷயம். ஆலயத்தின் உள்தளம் சமதளம், நடக்கலாம், சக்கர நாற்காலியும் போகும். ஹிரால்டா மட்டும் வேறு கதை. 12ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசலின் மினாரெட்டாகக் கட்டிய கோபுரம் அது, மணிமேடையைப் பிற்பாடு 16ஆம் நூற்றாண்டில் ஏற்றினார்கள். உள்ளே படிக்கட்டுக்குப் பதில் 35 சாய்தளங்கள். குதிரையில் ஏறிப்போகும்படி கட்டியது என்பார்கள். படி இல்லை என்று கேட்டதும் 'அப்போ அம்மாவும் ஏறலாம்' என்று தோன்றும். வேண்டாம். லிஃப்ட் கிடையாது, ஏறிய வழியே இறங்க வேண்டும், முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். பெரிய பீடத்தின் முன்னால் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் இருவரும் போய் வாருங்கள். 1482இல் செதுக்கத் தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்த பீடம் அது. இயேசுவின் வாழ்க்கை முழுவதும் மரத்தில் இருக்கிறது. அரை மணி நேரம் போவதே தெரியாது. ஒன்று மட்டும்: ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால் அதே சீட்டில் திரும்ப விடமாட்டார்கள். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்த பிறகே அந்தப் பக்கம் போங்கள்.

வழிகாட்டி இல்லாமல் என்ன புரியும் என்று கேட்பீர்கள். கொலம்பஸ் கல்லறையைக் கண்டுபிடிக்க யாரும் தேவையில்லை, பழைய ஸ்பெயினின் நான்கு ராஜ்யங்களைக் குறிக்கும் நான்கு உருவங்கள் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து நிற்கும், சுற்றிக் கூட்டம் இருக்கும். அந்தோனியார் சிற்றாலயத்தைத் தேடிப் போங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். 1656இல் முரில்லோ வரைந்த பிரம்மாண்டமான ஓவியம், குழந்தை இயேசு அந்தோனியாருக்குக் காட்சி தருவது. 1874இல் ஒரு திருடன் அந்தோனியார் உருவத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் தாமே தொலைந்து போனார்! அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஒரு ஓவிய வியாபாரியிடம் விற்க வந்தபோது அகப்பட்டு, ஊர் திரும்பி, பழைய இடத்திலேயே ஒட்டப்பட்டார்.

ஹோட்டலிலிருந்து டாக்ஸி பிடிக்காதீர்கள். பேராலயத்தை ஒட்டி ஓடும் கான்ஸ்டிட்யூஷன் அவென்யூவில் கார்களுக்கு இடமில்லை, டிராமும் நடப்பவர்களும்தான். எங்கோ இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து நடக்கத்தான் வேண்டும்.

ஹோட்டல் மின்னஞ்சலுக்கு இப்போதே பதில் போட்டுவிடுங்கள்: "சீட்டு நாங்களே எடுத்துக்கொள்கிறோம். ஞாயிறு திருப்பலி எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்." இதற்கு அவர்கள் பணம் கேட்க மாட்டார்கள்.