வீட்டிலிருந்து வேலை: 13 சதவீதம் கூடுமா, 18 சதவீதம் குறையுமா?

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் உற்பத்தித்திறன் 13 சதவீதம் கூடும் என்று ஒரு செய்தியும், 18 சதவீதம் குறையும் என்று இன்னொரு செய்தியும் வருகின்றனவே, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் முறையான ஆய்வுகளில் கிடைத்த எண்களே. யாரை அளந்தார்கள், எதை அளந்தார்கள் என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தலைப்பில் போடுவதுதான் தவறு.

அந்த 13 சதவீதம், சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தின் கால் சென்டரில் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் 2010இல் தொடங்கி ஒன்பது மாதம் நடத்திய சோதனையில் கிடைத்தது. தாமாக முன்வந்தவர்களில் தனியறை, இணைய இணைப்பு, ஆறு மாதப் பணி அனுபவம் மூன்றும் உள்ளவர்களை மட்டும் எடுத்து, பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், அலுவலகத்திலேயே தொடர்பவர்கள் என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் இந்த 13 சதவீதச் செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மில்லில் ஷிஃப்டு வாரியாக உற்பத்திக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். "தறி எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு போட்டிருக்காம்மா?" என்று கேட்டார். உழைத்த நேரம் கூடியதா என்பதுதான் அவர் கேள்வி. செய்தியில் அது இல்லை, ஆய்வில் இருக்கிறது. இடைவேளையும் மருத்துவ விடுப்பும் குறைந்து, ஒவ்வொரு ஷிஃப்டிலும் கூடுதல் நிமிடங்கள் உழைத்ததால் வந்தது 9 சதவீதம். நிமிடக் கணக்கில் அதிக அழைப்புகளை முடித்ததால் வந்தது 4 சதவீதம் மட்டுமே.

எதை அளந்தார்கள் என்று பார்க்காவிட்டால், அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கெடுப்பில் வந்த 72.5 சதவீதத்தையும் இப்படித்தான் தவறாகப் படிக்க நேரும். ஊழியர்கள் அநேகமாக வீட்டிலிருந்து வேலை பார்க்காத தனியார் பணியிடங்களின் பங்கு அது. ஐந்து பேர் உள்ள கடையும் ஆயிரம் பேர் உள்ள அலுவலகமும் அதில் ஒவ்வொன்றாகவே எண்ணப்படும். ஊழியர்களின் சதவீதமாக அதை வாசிக்க முடியாது.

18 சதவீதக் குறைவு நமக்கு அருகில், சென்னையில், டேட்டா என்ட்ரி வேலையில் அளக்கப்பட்டது. பொருளியலாளர்கள் டேவிட் ஆட்கின், ஆன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகியோர் அந்த ஆய்வை 2023இல் வெளியிட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் சோம்பேறிகள் என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால், வீட்டிலிருந்து வேலை பார்க்க விரும்பியவர்கள்தாம் தொடக்கத் தேர்விலேயே 12 சதவீதம் வேகமாகவும், பிழை குறைவாகவும் வேலை செய்தவர்கள். ஆனாலும் அலுவலகத்தில் இருப்பதைவிட வீட்டில் அவர்களுடைய உற்பத்தித்திறன் 27 சதவீதம் குறைந்தது. அலுவலகத்தை விரும்பியவர்களுக்குக் குறைந்தது 13 சதவீதம்தான். பிள்ளைகளையும் மற்றவர்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உள்ளவர்களும் ஏழைக் குடும்பத்தினரும் அலுவலகத்துக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைத் தேர்வது இதற்கு ஒரு பகுதிக் காரணம் என்று ஆய்வே சொல்கிறது.

குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் காதில் ஹெட்போனுடன் குடத்தை மாற்றி வைத்துவிட்டு, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே காலைக் கூட்டத்தில் பதில் சொல்கிற எனக்கு அந்த 27 எங்கிருந்து வருகிறது என்று தெரியும். உங்கள் அலுவலகத்தில் யாராவது 18 சதவீதத்தைக் காட்டி எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டால், இந்த 12, 27, 13 மூன்றையும் சேர்த்து அவர்கள் முன் வையுங்கள்.