தென்மேற்குக் கடலோரப் பாதையில் தவணை தவணையாக: கேள்வி பதில்

இங்கிலாந்தின் மைன்ஹெட்டில் தொடங்கி பூல் துறைமுக முகப்பில் முடியும் இந்தப் பாதை 1,014 கி.மீ. நீளம். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விரும்புகிறவர்கள் கேட்டவை இவை.

அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்வது?

கிலோமீட்டரை விட ஏற்றத்தைப் பாருங்கள். ஹார்ட்லேண்ட் கீயிலிருந்து பியூட் வரை ஏறத்தாழ 24 கி.மீ.தான். ஆனால் நடுவில் பத்துப் பள்ளத்தாக்குகள். ஓடை வரை இறங்கி, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தால் அடுத்த இறக்கம் காத்திருக்கும். பழகும்வரை 12, 15 போதும்.

ஒவ்வொரு கட்டத்தையும் எங்கே முடிப்பது?

பஸ் நிற்கும் ஊரில். காட்சி அழகாக இருக்கிறதே என்று ஆளில்லாத முனையில் முடித்தால், அடுத்த முறை அங்கே போய்ச் சேரவே அரை நாள் போய்விடும். காரில் வருகிறவர்கள் வண்டியை முடிக்கும் இடத்தில் விட்டுவிட்டு, காலையில் பஸ் பிடித்துத் தொடக்கத்துக்குப் போய், வண்டியை நோக்கி நடங்கள். கடைசி பஸ் போய்விடுமோ என்ற பதற்றம் இருக்காது.

வரிசையாகத்தான் நடக்கவேண்டுமா?

தேவையே இல்லை. லல்வொர்த் பகுதியில் ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் களம் இருக்கிறது. வார நாட்களில் பெரும்பாலும் பாதையை மூடிவிடுவார்கள். அதை சனி, ஞாயிறுக்கு ஒதுக்குங்கள். திறந்திருக்கும் தேதியைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

குறுக்கே வரும் ஆறுகள்?

பலவற்றில் படகு உண்டு, சில கோடையில் மட்டும். எர்ம் ஆற்றில் படகே கிடையாது. கடல் நீர்மட்டம் முழுதாக இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும்தான் இறங்கிக் கடக்கலாம். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன பயணத்தில் குறித்து வைத்தது உதவாது. கனமழை பெய்திருந்தாலோ அலை பெரிதாக இருந்தாலோ சாலை வழியாகச் சுற்றிப் போங்கள். தூரம் அதிகம்தான், பரவாயில்லை.

பாதை ஏன் ஒவ்வொரு குடாவுக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிறது?

கடத்தல்காரர்களைத் தேடிக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன வழி இது. ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்தால்தான் அவர்கள் வேலை நடக்கும். எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்ததே இந்த வளைவுகள்தான். குறுக்குவழி தேடாதீர்கள்.

வழி தவறிவிடுமா?

மைன்ஹெட்டிலிருந்து நடந்தால் கடல் எப்போதும் வலப்பக்கம். ஓக் மரக் கொட்டைச் சின்னம் வழி காட்டும். மண் சரிந்து மாற்றுவழிப் பலகை வைத்திருந்தால் மறுபேச்சில்லாமல் அதன்படி போங்கள். பழைய தடம் பார்க்க உறுதியாக இருக்கும், அடியில் மண் இருக்காது.