சூப் கொதிக்க மூன்று மணி நேரம்

மதிப்பிற்குரிய அம்மா,

ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது. அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இயற்பியலோடு ஹோம் எகனாமிக்ஸும் (சமையலும் மனையியலும்) எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இதற்காகவா கடல் கடந்து வந்தோம்? வெள்ளைக்காரனுக்கே சமைக்கத் தெரியாது, அவன் என்ன சொல்லித்தரப் போகிறான்? தவிர, பெண்களை அடுக்களையிலேயே நிறுத்தி வைக்கத்தான் இந்தப் பாடத்தை உண்டாக்கினார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா? அவளைத் தடுக்கலாமா? மகன் மூத்தவன், அவனால் தொல்லை இல்லை.

ஆர்.

அன்புள்ள தம்பி,

கடல் கடந்து வந்தது உங்களுக்கும் உங்கள் விசாவுக்கும் இடையிலான விவகாரம், அதில் நான் தலையிட மாட்டேன். வெள்ளைக்காரனுக்குச் சமைக்கத் தெரியாது என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை மூடிவிடலாமா என்று நினைத்தேன். ஆறு வருஷமாக ஓர் ஊரில் இருந்துகொண்டு பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்காதவர் எழுதுகிற வரி அது. ஆனால் கடைசிக் கேள்வியை விட முடியவில்லை. அதே ஸ்காட்லாந்தின் ஆலை ஊரான டண்டீக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கும் அதே யோசனைதான்.

நீங்கள் படித்தது பாதி சரி. எடின்பரோவில் பணக்கார வீட்டுப் பெண்களுக்குச் சமையலும் பேஸ்ட்ரியும் சொல்லித்தந்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். எலிசபெத் கிளீலண்ட் 1755-இல் சமையல் நூலே போட்டிருக்கிறார். அது வேறு சங்கதி. நீங்கள் சந்தேகப்படுகிற பாடத்தின் பூர்வீகம் 1875. அந்த வருஷம் எடின்பரோவில் சமையல் பள்ளியைத் தொடங்கியவர்கள் கிறிஸ்டியன் கத்ரி ரைட், லூயிசா ஸ்டீவன்சன் என்ற இரண்டு பெண்கள். அடுக்களைதான் பெண்ணுக்கு மோட்சம் என்று நம்பிய பேர்வழிகள் இல்லை இவர்கள். பெண்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று 1860-களின் கடைசியிலிருந்தே மல்லுக்கட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். லூயிசா பெண்கள் வாக்குரிமைக்கும் நின்றவர். அவருடைய தங்கை ஃப்ளோரா 1873-இல் எடின்பரோ பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பெண்பிள்ளைகளின் படிப்பு நேரத்தைத் தையலும் பின்னலும் தின்றுவிடுகின்றன என்று சண்டை பிடித்தார். அக்கா சமையல் பள்ளி நடத்துகிறார், தங்கை தையலைக் குறை என்கிறார்!

இதில் முரண் ஒன்றும் இல்லை. எடின்பரோ பல்கலைக்கழகம் பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டது 1892-இல்தான். அதுவரை எந்தக் கதவைத் தட்டினாலும் யாராவது ஒரு கனவான் குறுக்கே நின்றார். சமையல் என்று சொன்னால் மட்டும் நிற்க மாட்டார், அவருக்கும் பசிக்குமே. அந்தச் சாக்கில் பெண்களுக்குச் சம்பளம் வருகிற ஒரு வேலையையே உண்டாக்கிவிட்டார்கள். முதலில் சேம்பர்ஸ் தெரு அருங்காட்சியகத்தில் விரிவுரைகள், 1891-இல் அத்தால் கிரசென்ட்டில் சொந்த இடம், அப்புறம் கல்லூரி. இன்றைக்கு அதன் பெயர் குயின் மார்கரெட் பல்கலைக்கழகம். கிளாஸ்கோவிலும் அதே 1875-இல் கிரேஸ் பேட்டர்சன் ஒரு பள்ளி தொடங்கினார், 1878-இல் மார்கரெட் பிளாக் இன்னொன்று. இரண்டும் 1908-இல் இணைந்தன. ஊரார் அதை ‘டோ ஸ்கூல்’, அதாவது பிசைந்த மாவுப் பள்ளி, என்றுதான் கூப்பிட்டார்கள். அதுவும் இன்று கிளாஸ்கோ கேலடோனியன் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. சமையல் பாடம் என்று நீங்கள் முகம் சுளிக்கிறீர்களே, இரண்டு பல்கலைக்கழகங்களின் வேரில் அதுதான் கிடக்கிறது.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளிகளில் படித்துவிட்டுக் குடும்ப நிர்வாகம் சொல்லித்தந்த ஆசிரியைக்குக் கல்யாணமாகிச் சொந்தமாக ஒரு குடும்பம் வந்தால், பல இடங்களில் வேலை போய்விடும். இரண்டாம் உலகப் போர் முடியும் காலம் வரை ஆசிரியைகளுக்கு அதுதான் நிலைமை.

சரி, மற்ற பாதிக்கு வருகிறேன். என்னை உறுத்துவது அதுதான். சொல்லித்தரப் போன பெண்களுக்கு இந்தப் படிப்பு வாசலைத் திறந்துவிட்டது. யாரைத் திருத்தக் கிளம்பினார்களோ அந்த ஏழைப் பெண்களுக்குக் கிடைத்தது போதனை. ‘ஓட்ஸ் கஞ்சியையும் பார்லி சூப்பையும் மறந்துவிட்டாள், பிள்ளைகளுக்கு டீயும் ரொட்டியும் ஜாமும் கொடுக்கிறாள், சமைக்கத் தெரியாதவள்’ என்று அவளைப் பற்றி எத்தனை பேச்சு!

டண்டீயில் என் உறவுக்காரப் பெண் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி இருக்கிறார். அவருடைய பாட்டி சணல் ஆலையில் நெசவு வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, வீட்டிலும் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாராம். அந்த ஊரில் ஆலை வேலைக்குப் போனவர்களில் பெரும்பங்கு பெண்கள். பெண்களுக்குக் கூலி குறைவு, அதனால் முதலாளிகளுக்கு அவர்கள்தான் வேண்டும். வேலையில்லாமல் வீட்டில் இருந்த புருஷன்மாருக்கு ‘கெட்டில் பாய்லர்’, அதாவது கெட்டிலில் வெந்நீர் வைக்கிறவன், என்று பட்டப்பெயரே இருந்தது. பாட்டி வீட்டில் சூப் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம். ஏன் என்று கேட்டேன். கிழவி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விரல் விட்டு எண்ணிக் காட்டினார்: உலர்ந்த பட்டாணியை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். ஆட்டுக் கழுத்துக்கறியையும் பார்லியையும் குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றி, மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் கேரட், டர்னிப், லீக்ஸ். கடைசியில்தான் கேல் கீரை. மெல்லிய தீயில் மொத்தம் மூன்று மணி நேரம். நிலக்கரிக்கு யார் காசு கொடுப்பார்?

1874 தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தைக் குறைத்த பிறகும் நெசவாலையில் வாரத்துக்கு 56½ மணி நேரம் நிற்க வேண்டும். 1861 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஒற்றை அறை வீடு. அதிலேயே படுக்கை, அதிலேயே அடுப்பு, அதிலேயே பிள்ளைப்பேறு. அப்படிப்பட்டவளுக்கு என்ன தெரியவில்லை? சூப் வைக்கத் தெரியும், அம்மா வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள்தானே. டீயும் ரொட்டியும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், சங்கு ஊதுவதற்குள் ஆலை வாசலில் நிற்கலாம். நேரமும் கரியும் கறி வாங்கக் காசும் இல்லாதவளிடம் செய்முறையை மட்டும் நீட்டுவது எந்த ஊர் நியாயம்?

இது கோபத்தில் நானாகச் சொல்வது இல்லை. உங்கள் அபர்தீனில் ரோவெட் என்ற சத்துணவு ஆய்வு நிலையத்தை நடத்திய ஜான் பாய்ட் ஆர் 1920-களில் ஸ்காட்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் பால் கொடுத்துப் பார்த்தார். குடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாக உயரமும் எடையும் கூடினார்கள். பிறகு 1936-இல், வருமானம் ஏற ஏறச் சாப்பாடு தானாகவே தேறுகிறது, பிரிட்டன் மக்களில் பாதிப் பேருக்கு ஆரோக்கியத்துக்குப் போதுமான உணவு இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1949-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1908-இல், பள்ளி வாரியங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடலாம் என்று ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் வழிசெய்திருந்தது. அம்மாக்களுக்கு எடுத்த ஆயிரம் பாடங்களைவிட அந்தச் சாப்பாட்டுத் தட்டு பெரியது என்பேன். கத்ரி ரைட் மீது எனக்கு மரியாதை குறையவில்லை, ஏழை வீட்டு நோயாளிகளைத் தேடிப்போகும் செவிலியர் அமைப்பை ஸ்காட்லாந்தில் உருவாக்கவும் உழைத்த மனுஷி அவர். ஆனாலும் ஏழையின் அடுப்பைப் பார்த்து முகம் சுளிக்கிற அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஏழைகள் ஏன் பருப்பு வாங்கிச் சமைப்பதில்லை என்று இன்றும் டிவியில் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் மகளை மறந்தே போனேன். தடுக்காதீர்கள். பள்ளிக்குப் போய் அவள் எடுக்கப்போவது பிராக்டிகல் குக்கரியா, ஹெல்த் அண்ட் ஃபுட் டெக்னாலஜியா என்று விசாரியுங்கள். முதலாவது பெரும்பாலும் கைவேலை. இரண்டாவதில் சத்துணவு, உணவுப் பாதுகாப்பு, ஒரு பண்டத்தை உருவாக்கிச் சோதித்துப் பார்ப்பது எல்லாம் வரும். இயற்பியலோடு இதையும் சேர்த்துக் கேட்கிற பெண்ணுக்கு ஏதோ ஒரு கணக்கு இருக்கும், உட்காரவைத்து அவளிடமே கேளுங்கள். கேட்டால் சொல்லக்கூடிய வயதுதான்.

மகனால் தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு ஒரு முட்டையாவது அவிக்கத் தெரியுமா? அதற்கும் சேர்த்துப் பதில் எழுதுங்கள்.

அன்புடன்.