மறுமொழி: பொறி மூடுகிறது, பீவர் சிக்கவில்லை

மினசோட்டா ஓடையில் பீவர் (நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கு) பிடிக்க, எண் 3 அளவுள்ள கால்பொறியை 3 அங்குல ஆழத்தில், அது கரையேறும் தடத்தின் நட்டநடுவில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பொறியில் சிக்கியது இரண்டு இரவு வயிற்று முடி, ஒரு இரவு விரல் மட்டும். முடிதான் துப்பு. பீவர் கரைக்கு நீந்தி வரும். கால் ஊன்றும் முன்பே நெஞ்சு தட்டில் (மிதித்தால் பொறியை மூட வைக்கும் நடுத்தகடு) மோதிப் பொறி மூடிவிடுகிறது.

முன்னங்காலை மறந்துவிடுங்கள். அது சிறிது, முறுக்கிப் பிய்த்துக்கொண்டு போய்விடும். பின்னங்காலுக்கு 8 முதல் 10 அங்குல ஆழம், தடத்தின் நடுக்கோட்டிலிருந்து 4 அங்குலம் ஒதுக்கி வையுங்கள். பின்கால்கள் அகன்றே ஊன்றும்.

எண் 3-இன் தாடை (காலைக் கவ்வும் வளையங்கள்) அகன்ற சவ்வுள்ள பின்னங்காலுக்குப் போதாது. எண் 4 இரட்டை நீள ஸ்பிரிங் பொறி அல்லது எம்பி-750 என்ற பெரிய பொறியை எடுங்கள். தட்டு தொளதொளவென்று ஆடினால் அதன் போல்ட்டை இறுக்கி 4 பவுண்டு அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். மஸ்க்ராட் (பீவரைவிடச் சிறிய நீர்க்கொறிவிலங்கு) ஏறினாலும் பெரும்பாலும் பொறி மூடாது. சங்கிலியை 6 அங்குலமாக வெட்டி, பொறியின் அடித்தகட்டின் நடுவில் ஸ்விவலோடு (முறுக்காமல் சுழலும் இணைப்பு) மாட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சிக்கிய பீவரை ஆழத்துக்குக் கொண்டுபோய் மூழ்கடிக்கும் கம்பி. ஆழமான பக்கம் 40 பவுண்டு கல்மூட்டை, கரையில் முளை, நடுவில் கம்பியில் ஒரு திசையில் மட்டும் வழுக்கும் எல் வடிவ பூட்டு, அதில் பொறியின் சங்கிலி. பலர் பூட்டைத் தலைகீழாகக் கோத்துவிடுகிறார்கள். கையால் இழுத்துப் பாருங்கள்: ஆழத்துக்கு வழுக்க வேண்டும், கரைப்பக்கம் கடித்து நிற்க வேண்டும். அங்கே 4 அடித் தண்ணீராவது இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். அரைகுறையாக மூழ்கும் பிராணிக்கு அது வெறும் சித்திரவதை.

தாடை அளவு வரம்பை மாநில விதியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.