கல்லூரியில் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் எதன் பூர்வீகம் உங்களுக்குச் சுவாரசியமாகப் பட்டது?

எனக்கு 'கேட்டி'தான். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இது புரியாது, நீங்கள் அரியர் என்பதைத்தான் மும்பையில் கேட்டி என்போம். தாராவியில் வளர்ந்து மாட்டுங்காவில் இன்ஜினியரிங் சேர்ந்தேன், இரண்டாவது செமஸ்டரிலேயே கணக்கில் ஒரு கேட்டி. வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டார். ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகன் "சித்தப்பா, அரியர் வச்சிருக்கான்" என்று மொழிபெயர்த்த பிறகுதான் திட்டு விழுந்தது.

அரியர் எளிய சொல். பழைய பிரெஞ்சில் 'பின்னால்' என்று பொருள், பாக்கிப் பணத்துக்கும் அதுவேதான். (சம்பள அரியர் வந்தால் மட்டும் வீட்டில் அல்வா!)

கேட்டி வந்த வழி வேறு. 'அலவ்ட் டு கீப் டெர்ம்ஸ்', சுருக்கினால் ஏ.டி.கே.டி., அதையும் சுருக்கினால் கேட்டி. அடுத்த பருவத்துக்குப் போக அனுமதி என்றுதான் அர்த்தம், தோற்றதாக அதில் ஒரு எழுத்துகூட இல்லை. இந்த 'டெர்ம் கீப்' பண்ணுகிற பேச்சு இங்கிலாந்துச் சரக்கு. 1888இல் பாரிஸ்டர் படிக்க லண்டன் போன காந்தியும் 12 டெர்ம் கீப் பண்ணியிருக்கிறார், எப்படி என்றால் ஒரு டெர்முக்கு சுமார் 24 விருந்து நடக்கும், அதில் ஆறுக்காவது போய் உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை, நேரத்துக்கு வந்து கடைசிவரை இருந்தால் போதும். நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் கணக்கு, இவர் தொடமாட்டார் என்பதால் இவரைத் தங்கள் பந்தியில் சேர்த்துக்கொள்ளப் போட்டியாம், சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அப்புறம் அந்த டெர்ம் என்பதே லத்தீனில் எல்லை, எல்லைக்கல். மும்பையில் நாங்கள் இன்னும் வி.டி. என்கிற பழைய விக்டோரியா டெர்மினஸ் (இப்போது சி.எஸ்.எம்.டி.) ஸ்டேஷனின் 'டி', குர்லா டெர்மினஸ் எல்லாம் அதே வேரிலிருந்து வந்தவைதான். வண்டி நிற்கிற இடமும் பருவம் முடிகிற இடமும் ஒரே கல்.

ஸ்கூல் என்றால் கிரேக்கத்தில் ஓய்வு நேரம் என்பதைப் பலரும் சொல்லிவிட்டார்கள், விடுங்கள். செமினார்தான் எனக்கு அடுத்தபடி பிடித்தது. லத்தீனில் விதைக்குப் பெயர் 'செமென்', அதிலிருந்து 'செமினாரியம்', அதாவது சாட்சாத் நாற்றங்கால். நாற்று வளர்க்கிற இடத்தின் பெயரை ஆள் வளர்க்கிற இடத்துக்கு வைத்துவிட்டார்கள்.

தாராவிக்கு வருமுன் திருநெல்வேலிப் பக்கம் வயலில் வேலை பார்த்தவர் அப்பா. இதைப் படித்ததும் அவருக்குப் பிடிக்குமே என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அப்போது எனக்கு நாலு வருடப் படிப்பில் அஞ்சாவது வருடம். கேட்டுவிட்டு, "நாத்தங்காலா? இருவத்தஞ்சு நாள்ல பிடுங்கி நட்டுரணும்லா. நீ அஞ்சு வருசமா அங்கனயே நிக்கியே?" என்றார்.